வாசிலி நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பளபளக்கும் எஃகுக் குழாய்களுக்கிடையே கறுப்புப் பட்டைகளை இழுத்துக் கட்டிய ஒரு நாற்காலியைச் செல்வந்தர் வீட்டுப் படங்களிலும், கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களிலும் பலர் பார்த்திருப்பார்கள். நவீன வடிவமைப்பின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அதன் பெயரைக் குறித்தும் பிறப்பைக் குறித்தும் வழங்கும் கதைகளில் உண்மையும் புனைவும் கலந்து கிடப்பதால், வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகப் பதில் தரப்பட்டுள்ளது.

வாசிலி நாற்காலி என்று எதைச் சொல்கிறார்கள்?

ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் இயங்கிய பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் இளம் ஆசிரியராக இருந்த மார்செல் பிராயர், 1925ஆம் ஆண்டில் தொடங்கி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாகத் திருத்தி முடித்த கைவைத்த நாற்காலி இது. சட்டம் முழுவதும் வளைத்த எஃகுக் குழாய். மெத்தை இல்லை, மரம் இல்லை, சுருள்வில் இல்லை. உட்காரும் இடத்துக்கு ஒரு பட்டை, முதுகுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு என்று துணிப் பட்டைகள் குழாய்களுக்கிடையே விறைப்பாகப் பிடித்து நிற்கின்றன. உயரம் ஏறத்தாழ 72 செ.மீ., அகலம் ஏறத்தாழ 78 செ.மீ. என்பதால் இது படத்தில் தோன்றுவதைவிடத் தாழ்வானது, அகலமானது. விற்பனைப் பட்டியலில் இதற்கு இருந்த பெயர் 'பி3' என்ற எண் மட்டுமே.

ஓவியர் வாசிலி காண்டின்ஸ்கிக்காகவே இது வடிவமைக்கப்பட்டதா?

இல்லை. இந்த நாற்காலியைப் பற்றி மிகப் பரவலாகச் சொல்லப்படும் தவறு இதுதான். அதற்குக் காரணம் பெயரேயன்றி வேறில்லை. ரஷ்யாவில் பிறந்த காண்டின்ஸ்கி 1922 முதல் பௌஹவுஸில் ஆசிரியராக இருந்தார். பிராயர் செய்துகொண்டிருந்த முதல் மாதிரியைத் தற்செயலாகப் பார்த்து அவர் பெரிதும் ஆர்வம் காட்டினார் என்றும், அதற்குப் பிறகே பள்ளியில் மற்றவர்களும் அதைக் கவனிக்கத் தொடங்கினர் என்றும் பிராயரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடுமையான கண்டனத்தை எதிர்பார்த்துத் தயங்கியிருந்த இருபத்து மூன்று வயது இளைஞருக்கு அந்த ஆர்வம் எவ்வளவு பெரிய தெம்பைக் கொடுத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்ஸாவில் காண்டின்ஸ்கி குடியிருந்த ஆசிரியர் வீட்டுக்கென்று இதேபோன்ற இன்னொரு நாற்காலியைப் பிராயர் செய்துகொடுத்தார். காண்டின்ஸ்கிக்கும் நாற்காலிக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான். 'வாசிலி' என்ற பெயர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஓர் இத்தாலிய உற்பத்தியாளர் சூட்டியது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மார்செல் பிராயர் யார்?

1902இல் ஹங்கேரியின் தென்பகுதியிலுள்ள பேச் நகரில் பிறந்தவர். ஓவியம் படிக்க வியன்னாவின் நுண்கலைக் கழகத்துக்குப் போய், அங்குள்ள கற்பித்தல் முறை பிடிக்காமல் சில நாட்களிலேயே வெளியேறி, 1920இல் வைமர் நகரில் இருந்த பௌஹவுஸில் சேர்ந்தார். அங்கே தச்சுப் பட்டறையில் பயின்று 1924இல் படிப்பை முடித்தார். சிறிது காலம் பாரிஸில் இருந்துவிட்டு, பள்ளியின் நிறுவனரான வால்டர் க்ரோபியஸின் அழைப்பின்பேரில் 1925இல் திரும்பிவந்து அதே தச்சுப் பட்டறைக்குத் தலைவரானார். எஃகு நாற்காலியைச் செய்தவர் தச்சுப் பட்டறையின் தலைவர் என்பது விந்தையாகத் தோன்றலாம். எஃகு வேலையைப் பள்ளிப் பட்டறையின் பணியாக அல்லாமல் தம் சொந்த முயற்சியாகவே அவர் செய்தார். இந்த வேறுபாடு பின்னர் பணவிவகாரத்தில் பெரிதாக வெடித்தது.

சைக்கிளைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் தோன்றியது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. வைமரை ஆண்ட வலதுசாரி மாநில அரசு நிதியை வெட்டியதால் பௌஹவுஸ் 1925இல் டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தது. டெஸ்ஸாவ் வைமரைப் போன்ற இலக்கிய நகரம் அன்று; யுங்கர்ஸ் விமானத் தொழிற்சாலை இயங்கிய தொழில் நகரம். அங்கேதான் பிராயர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆட்லர் நிறுவனத்தின் சைக்கிள் ஒன்றையும் வாங்கினார். இருபது முப்பது ஆண்டுகளாக மாற்றமே இல்லாமல் நிலைபெற்றுவிட்ட சைக்கிளின் வடிவம் ஒரு நிறைவான தயாரிப்பாக அவருக்குப் பட்டது. அதன் ஹேண்டில்பாரை மாக்கரோனியைப் போல வளைத்துவிடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்ல, அப்படி வளைகிற குழாயில் வீட்டுச் சாமான் ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி எழுந்தது. ஆட்லர் நிறுவனத்தை அணுகியபோது அவர்கள் அக்கறை காட்டவில்லை. எனவே குழாய்களைத் தாமே வாங்கி, தண்ணீர்க் குழாய் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முதல் மாதிரிகளைப் பற்றவைத்துச் செய்தார்.

மீதிப் பாதி, குழாயின் கதை. ஒரு தகட்டைச் சுருட்டி விளிம்புகளை இணைத்துச் செய்யும் பழைய வகைக் குழாயில் நெடுகிலும் ஒரு மூட்டு இருக்கும். அதைக் குறுகலாக வளைத்தால் அந்த மூட்டு பிளந்துகொள்ளும், அல்லது குழாய் நசுங்கிச் சுருக்கம் விழும். 1880களின் நடுவில் ரைன்ஹார்ட், மாக்ஸ் என்ற மான்னெஸ்மான் சகோதரர்கள் காய்ச்சிய எஃகு உருளையைச் சாய்வான உருளைகளுக்கிடையே சுழற்றி நடுவில் துளையிட்டு, மூட்டே இல்லாத குழாயைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தனர். மெல்லிய சுவர், குறைந்த எடை, எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்த பிறகுதான் சைக்கிளுக்கும் நல்ல குழாய் கிடைத்தது. பிராயர் வாங்கியதும் மான்னெஸ்மான் குழாய்களைத்தான். சைக்கிள் அவருக்கு வழிகாட்டியது. நாற்காலியைச் சாத்தியமாக்கியது அந்தக் குழாய். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுச் சொல்லும்போது, மேதை ஒருவருக்குத் திடீரென்று பொறிதட்டிய கதையாக அது சுருங்கிவிடுகிறது.

இதற்கு முன் உலோக நாற்காலிகளே இல்லையா?

இருந்தன. தோட்டத்து வார்ப்பிரும்பு இருக்கைகளும் மருத்துவமனையின் இரும்புக் கட்டில்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தவைதான். அவையெல்லாம் வெளியிலோ நோயாளிகளின் கூடத்திலோ இருக்கவேண்டியவை என்று கருதப்பட்டன. அதே குழாயை வரவேற்பறையின் நடுவே, வீட்டிலேயே மிகவும் மதிப்பான இருக்கையின் இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் புதுமை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? பார்ப்பதற்கு ஏதோ இயந்திரத்தின் பாகம்போல இருக்கிறதே?

அந்தக் காலத்து ஐரோப்பிய ஆண்கள் சங்கங்களில் தடித்த தோல் மெத்தையும் உருண்டு திரண்ட கைகளும் கொண்ட 'கிளப் நாற்காலிகள்' இருந்தன. ஒன்றை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். பி3ஐ அதன் அருகில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். அகலம், தாழ்வு, பின்னோக்கிச் சரியும் இருக்கை, கை வைக்கும் பெரிய பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிரப்பிய பஞ்சும் மூடிய தோலும் மட்டும் காணோம். கிளப் நாற்காலியின் பருமனான உடலை உருவிவிட்டு, அதன் ஓரங்களை மட்டும் குழாயால் கோடாக வரைந்ததுபோல இது இருக்கிறது. பிராயரும் இதைக் கிளப் நாற்காலி என்றே குறிப்பிட்டார். இந்த நாற்காலியைப் புரிந்துகொள்ள, இதில் என்ன இருக்கிறது என்பதைவிட எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி என்பது என் கருத்து.

இன்னொரு மூலமும் உண்டு. டச்சு வடிவமைப்பாளரான கெரிட் ரீட்வெல்ட், சட்டங்களும் பலகைகளும் ஒன்றையொன்று தாண்டி நீளும்படி, ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாகத் தெரியும்படி செய்த சிவப்பு-நீல நாற்காலியின் தாக்கம் பௌஹவுஸ் மாணவர்களிடம் வலுவாக இருந்தது. பிராயர் மாணவராக இருந்தபோது செய்த மரச்சட்ட நாற்காலியில், உடலைத் தாங்கும் இடங்களில் மட்டும் துணிப் பட்டைகள் இருந்தன. மற்றதெல்லாம் வெற்றுச் சட்டம். எலும்பு தனி, தோல் தனி என்ற அந்தப் பிரிவினையே எஃகிலும் தொடர்ந்தது. ரீட்வெல்டின் மரத்துண்டுகள் முட்டுமிடத்தில் வெட்டுப்பட்டு நின்றன. குழாயோ மூலையில் நிற்காமல் திரும்பி அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. பக்கவாட்டில் நின்று ஒரு குழாயைக் கண்ணால் தொடர்ந்தால், தரையில் ஓடுகிற சறுக்குக்கட்டை எந்த இடத்தில் காலாக எழும்பியது, கால் எந்த இடத்தில் கையாக மடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் மாதிரியில் நான்கு தனிக் கால்கள் இருந்தன. திருத்தங்களின்போதுதான் அவை இந்தச் சறுக்குக்கட்டைகளாக மாறின. பற்றவைத்த மூட்டுகளுக்குப் பதிலாகத் திருகி இணைக்கும் மூட்டுகளும் அப்போதே வந்தன.

துணிப் பட்டைகள் எதனால் ஆனவை? தொய்ந்துவிடாதா?

தொய்ந்துவிடும் என்பதுதான் அன்றைய பெரிய சிக்கல். சட்டத்தின் இரு பக்கமும் பிடித்து இழுக்கும் துணி, மனிதர் ஒருவரின் எடையை நாள்முழுவதும் தாங்கியும் நீளாமல் இருக்கவேண்டும். இதற்குப் பயன்பட்டது 'இரும்பு நூல்' என்று ஜெர்மனியில் அழைக்கப்பட்ட பருத்தி நூல். பெயரில் மட்டுமே இரும்பு உண்டு. பருத்தி நூலைக் கஞ்சியிலும் மெழுகிலும் தோய்த்து, பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். நூல் விறைத்து, வழுவழுப்பாகி, மங்கலாக மின்னும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருந்த இந்த நூலைக் குழாய் நாற்காலிகளுக்கு ஏற்ற உறுதியான துணியாக மேம்படுத்தியவர் பௌஹவுஸின் நெசவுப் பட்டறையில் பயின்ற மார்கரெட்டா ரைஹார்ட். அதே வகைத் துணி பின்னர் விமான இருக்கைகளுக்கும் போனது. நாற்காலியின் பெயரில் ஓர் ஓவியர் இருக்கிறார், வரலாற்றில் பிராயர் இருக்கிறார். உட்காருபவரின் எடையை உண்மையில் தாங்குகிற துணியைத் தந்த நெசவாளரின் பெயர் பெரும்பாலான விற்பனைக் குறிப்புகளில் இல்லை.

1926 அளவில் எரிக் கான்ஸெம்யூலர் எடுத்த புகழ்பெற்ற நிழற்படம் ஒன்றில், பௌஹவுஸ் ஆசிரியர் ஓஸ்கர் ஷ்லெம்மர் செய்த உலோகப் பளபளப்புடைய முகமூடியை அணிந்த ஒரு பெண் இந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். அதில் உற்றுப் பார்க்கவேண்டியது, அவருடைய உடல் எஃகைத் தொடாமல் துணியின்மேலேயே இருப்பதை. குளிர்காலத்தில் குளிரும் உலோகத்தின்மேல் யாரும் உட்கார விரும்பமாட்டார்கள் என்பதைப் பிராயர் நன்றாக அறிந்திருந்தார்.

எல்லோரும் வாங்கக்கூடிய மலிவான பொருளாக இது விற்றதா?

விற்கவில்லை. தொழிற்சாலையில் பெருமளவில் செய்து எளியவர்களுக்கும் கிடைக்கச்செய்வது என்பது பௌஹவுஸ் முழங்கிய இலக்கு. கையால் வளைத்து, நிக்கல் பூச்சிட்டு, பட்டைகளைத் தைத்துச் செய்த இந்த நாற்காலி அந்த விலைக்கு வரவே இல்லை. சக ஹங்கேரியரான கால்மான் லெங்யெலுடன் சேர்ந்து பெர்லினில் பிராயர் தொடங்கிய 'ஷ்டாண்டர்ட் மோபெல்' என்ற சிறு நிறுவனம் பணநெருக்கடியில் தடுமாறியது. 1929இல், வளைத்த மர நாற்காலிகளுக்குப் பெயர்போன தோனெட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 1930களில் பி3இன் உற்பத்தி நின்றுபோனது.

வடிவமைப்பின் உரிமையைப் பிராயர் தம் சொந்தப் பெயரில் பதிவுசெய்துகொண்டது பௌஹவுஸுக்குள் கசப்பை உண்டாக்கியது. பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு செய்தது பள்ளிக்குச் சேரவேண்டாமா என்பது ஒரு தரப்பு. பட்டறையின் பணத்திலும் கருவியிலும் செய்யாத ஒன்றுக்குப் பள்ளி எப்படி உரிமை கோரும் என்பது அவர் தரப்பு. டெஸ்ஸாவில் 1926 டிசம்பரில் திறக்கப்பட்ட பள்ளியின் புதிய கட்டடத்திலோ, அரங்கத்தின் இருக்கைகள் முதல் உணவுக்கூடத்தின் முக்காலிகள் வரை அவருடைய குழாய்ச் சாமான்களே நிறைந்திருந்தன. 1928இல் அவர் பள்ளியைவிட்டு விலகினார்.

பின்கால் இல்லாமல் முன்பக்கம் மட்டும் தாங்கி நிற்கும் குழாய் நாற்காலியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது வேறு குடும்பம். எரிவாயுக் குழாய்களை மூட்டுகளால் இணைத்து டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் அந்த யோசனையை முதலில் செய்துபார்த்தார். 1927இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த வைசன்ஹோஃப் வீட்டுக் கண்காட்சியில் அவருடைய நாற்காலியும் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹேயின் நாற்காலியும் காட்சிக்கு வந்தன. பிராயரின் பங்கு 1928இல் வந்தது: குழாய்ச் சட்டத்தில் பிரம்பு பின்னிய இருக்கையும் முதுகும் கொண்ட பி32. யார் முதலில் என்ற வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1932இல் அந்த வகைக்கான உரிமை ஸ்டாமின் பக்கம் தீர்ப்பானது. இன்றைக்கும் கடைக்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பின்கால்களைத் தேடிப் பாருங்கள், போதும்.

அப்படியானால் வாசிலி என்ற பெயரும் கறுப்புத் தோலும் எப்போது வந்தன?

1960களின் தொடக்கத்தில். பொலோன்யா நகரத்து உற்பத்தியாளர் டினோ கவீனா பிராயரைச் சந்தித்து, பழைய குழாய் நாற்காலிகளை மறுபடியும் உற்பத்திசெய்ய இசைவு பெற்றார். காண்டின்ஸ்கிக்கு ஒன்று செய்துகொடுத்த கதையை அறிந்ததும் 'வாசிலி' என்று பெயர் சூட்டினார். பி32க்குப் பிராயரின் மகள் பிரான்செஸ்காவின் பெயரைச் சுருக்கி 'செஸ்கா' என்று வைத்ததும் அவர்தான். எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, பெயர் என்றால் ஒரு கதை கூடவே வரும் என்பதை அவர் நன்கு உணர்ந்த வியாபாரி. மெழுகு நூல் துணிக்குப் பதில் தடித்த தோல் பரவலானதும், நிக்கலின் மஞ்சள் கலந்த மங்கலுக்குப் பதில் குரோமியத்தின் நீலப் பளபளப்பு பழகிப்போனதும் இந்த மறுபிறப்புக்குப் பிறகே. 1968இல் கவீனாவின் நிறுவனத்தை அமெரிக்க நிறுவனமான நோல் வாங்கியது. இன்றுவரை அதுவே இதைச் செய்துவருகிறது. எனவே, இன்று நம் மனத்தில் பதிந்திருக்கும் கறுப்புத் தோல் உருவம் 1920களுடையது அன்று.

உட்கார வசதியாக இருக்குமா?

நிமிர்ந்து உட்கார்ந்து எழுதவோ சாப்பிடவோ ஆகாது. உடல் பின்னால் சரிந்து, முழங்கால் சற்றே உயர்ந்து, கைகள் தாமாகவே பட்டைகளின்மேல் போய் விழும். கேன்வாஸ் ஈஸிசேரில் உட்கார்ந்து பழகியவருக்கு இந்த உணர்வு புதிதாக இராது. சட்டமும் துணியும் மட்டும் என்ற அந்தக் கொள்கை ஒன்றுதான். ஈஸிசேரில் துணி உடலுக்கேற்பக் குழிந்துகொடுக்கும். இங்கே துணி குழியக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

ஓர் அலுவலக வரவேற்பறையில் கிடந்த மலிவான நகல் ஒன்றில் அரைமணி நேரம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. தோல் நீண்டு, இருக்கை தொட்டில்போல் தொய்ந்து, எழுந்திருக்க இரு கைகளாலும் உந்தவேண்டியிருந்தது. உந்தியபோது கைப்பட்டைகளும் அமுங்கின. விறைப்பு போய்விட்டால் இந்த நாற்காலியில் வேறெதுவும் மிச்சமில்லை. மெத்தை வைத்த நாற்காலி பழசானாலும் ஏதோ ஒருவிதத்தில் தாங்கும், இது தாங்காது.

நகல் ஒன்றை வாங்குவதானால் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் வளைவுகளை. விரலை வைத்து வளைவின் உட்புறத்தைத் தடவினால் சுருக்கமோ தட்டையோ தென்படக்கூடாது; குழாயின் வட்டம் வளைவிலும் வட்டமாகவே இருக்கவேண்டும். அடுத்து மூட்டுகள்: திருகுகள் குழாயின் பரப்போடு ஒட்டி நிற்கவேண்டும், துருத்திக்கொண்டு துணியைக் கிழிக்கும்படி இருக்கக்கூடாது. பிறகு உட்கார்ந்து எழுந்து பட்டையைப் பாருங்கள். குழிவு உடனே மறையவேண்டும். நான்கு மூலைகளும் ஒருசேரத் தரையில் படிகின்றனவா என்பதைச் சமதளமான தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதைத் தம் சிறந்த படைப்பு என்று பிராயர் கருதினாரா?

அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. தோற்றத்திலும் பொருளிலும் தம் வேலைகளிலேயே மிகத் தீவிரமானது இது என்றும், கலைத்தன்மையும் இதமும் மிகக் குறைந்தது, தர்க்கமும் இயந்திரத்தனமும் மிகுந்தது என்றும் அவரே எழுதினார். பிறகு லண்டனில் ஒட்டுப்பலகையில் நாற்காலிகள் செய்தார்; 1937இல் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் கற்பித்தார்; பாரிஸின் யுனெஸ்கோ தலைமையகத்தில் பங்கேற்று, நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தை வடிவமைத்து, கனத்த கான்கிரீட்டின் கட்டடக் கலைஞராக 1981இல் மறைந்தார்.

ஆனால் 1926இல், பௌஹவுஸ் இதழின் முதல் எண்ணில், தம் நாற்காலிகளின் படங்களை ஒரு திரைப்படச் சுருள்போல ஆண்டுவாரியாக மேலிருந்து கீழாக அவர் அடுக்கிக்காட்டினார். 1921இல் செய்த செதுக்கு வேலையும் வண்ணமும் நிறைந்த அரியணை போன்ற மர நாற்காலி முதலில் வருகிறது. பிறகு மரச்சட்ட நாற்காலி, பிறகு 1925 என்ற ஆண்டுடன் இந்தக் குழாய் நாற்காலி. அதற்கும் கீழே இன்னொரு படம் உண்டு. அதில் நாற்காலியே இல்லை. ஒரு பெண் காற்றின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். கடைசியில் நாம் மீள்தன்மையுள்ள காற்றுத் தூணின்மேல் உட்காருவோம் என்பது அதற்கான விளக்கம். ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் '19' என்று தொடங்கி, இரண்டு கேள்விக்குறிகள்.